பதினோராவது பாட்டில் திறந்த கதவு!

திருவாரூருக்குத் தேரழகு; வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்பார்கள் தஞ்சைச் சீமைப் பெரியவர்கள். அந்த விளக்குகளின் ஒளியில் வேதாரண்யேஸ்வரரையும், லிங்கத் திருமேனிக்குப் பின்னே மணக்கோலத்தில் அருளும் அம்மையப்பரையும் தரிசித்தவர்களுக்கு, சந்நிதியை விட்டு நகரவே மனம் வராது.

ஆனால், சந்நிதிக்கு ஓடும் அவசரத்தில் நம்மில் பலர் சட்டென்று கடந்து போய்விடுகிற இடம் ஒன்று இந்தத் தலத்தில் உண்டு. அது, கோயிலின் வாசல்!

மறை என்றால் வேதம். வேதங்கள் மனித வடிவில் வந்து பூஜித்த காடு என்பதால், இந்தத் தலத்துக்குத் திருமறைக்காடு என்று பெயர். பூஜை முடித்துப் புறப்பட்ட வேதங்கள், பிரதான வாசலின் கதவைத் திருக்காப்பிட்டுச் சென்றுவிட்டன. அதன்பிறகு அந்தக் கதவை எவராலும் திறக்க முடியவில்லை. ஊர் மக்கள் பக்கத்தில் வேறொரு வழி அமைத்து, அதன் வழியாகவே போய் வந்தார்கள். காலங்கள் கடந்து, இரண்டு அடியார்கள் அங்கே வந்தார்கள். ஒருவர் பாடினார், கதவு திறந்தது. மற்றவர் பாடினார், கதவு மூடியது. திறக்கப் பாடியவர் அப்பர். அடைக்கப் பாடியவர் ஞானசம்பந்தர்.

இந்தக் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால், திறப்பதற்கு ஏன் அத்தனை நேரம் ஆனது? மூடுவது மட்டும் எப்படி ஒரே பாட்டில் நடந்தது? விடை தெரிய வேண்டுமானால், அப்பர் பெருமானின் வாழ்க்கையை ஆரம்பத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

தமக்கை மெழுகிய வாசல்

திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர் என்ற ஊர். அங்கே வேளாளர் குலத்தில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். இந்த மருள்நீக்கியார்தான் பின்னாளில் திருநாவுக்கரசர் ஆனவர். காலம், கி.பி. 7-ஆம் நூற்றாண்டு.

திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். மணநாள் வருவதற்குள் அவர் போருக்குப் போனார். அந்த இடைவெளியில் தந்தை இறந்தார். தாயும் உடன் சென்றார். பிறகு, கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்தது. தானும் உயிர் விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி அவர் காலில் விழுந்து அழுதான். அவனுக்காகத் தன் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டார் அந்த அக்காள்.

அந்தத் தம்பியோ, வளர்ந்ததும் சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்று அப்போது வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆசானாக விளங்கினார். திலகவதியார் திருவதிகைக்கு வந்து, வீரட்டானேஸ்வரர் கோயிலே கதி என்று இருந்தார். பொழுது புலருமுன் எழுவார். கோயில் வாசலைப் பெருக்குவார், சாணமிட்டு மெழுகுவார், பூக்கொய்து மாலை தொடுப்பார். தம்பி திரும்பி வரவேண்டும் என்பது ஒன்றே அவர் வேண்டுதல்.

அவன் எப்போது வருவான் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால், வருகிற வரைக்கும் அந்த வாசல் ஒருநாளும் மெழுகாமல் கிடந்ததில்லை!

ஒருநாள், தருமசேனரைத் தாங்க முடியாத சூலைநோய் தாக்கியது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. இரவோடு இரவாக அக்காளைத் தேடி வந்தார். திலகவதியார் தம்பிக்குத் திருநீறு தந்தார். பிறகு வழக்கம்போல் துடைப்பமும் மெழுகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கோயிலுக்கு அழைத்துப் போனார். தம்பிக்காக அவர் தன் வேலையை நிறுத்தவில்லை. அந்த வேலைக்கே தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மருள்நீக்கியார் பாடிய பதிகத்தால் நோய் தீர்ந்தது. நாவுக்கரசு என்ற பட்டத்தை இறைவனே அருளினார்.

கையில் உழவாரம்

அதன்பின் நடந்தவை நாம் அறிந்தவையே. சமயம் மாறிய அவரைப் பல்லவ மன்னன் அழைத்துத் தண்டித்தான். அவன் மகேந்திரவர்ம பல்லவன் என்பர். சுண்ணாம்பு நீற்றறையில் அடைத்தார்கள், நஞ்சு கலந்த பால்சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள். கல்லே தெப்பமாக மிதந்து, திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது. மன்னனும் மனம் மாறினான்.

இத்தனை அற்புதங்கள் நடந்த பிறகு, வேறு ஒருவராக இருந்தால் மடம் ஒன்றில் உட்கார்ந்து, வருவோர்க்கு ஆசி வழங்கிக்கொண்டு இருந்திருப்பார். நாவுக்கரசரோ, கையில் ஓர் உழவாரத்தை எடுத்துக்கொண்டார். புல் செதுக்கும் கருவி அது. போகிற கோயிலில் எல்லாம் பிராகாரத்தில் மண்டிக்கிடந்த புல்லையும் முள்ளையும் செதுக்கினார். அடியவர் நடக்கும் பாதையில் கால் குத்தக்கூடாது, அவ்வளவுதான்! வாய் பாடிக்கொண்டே இருக்கும். கை செதுக்கிக்கொண்டே இருக்கும்.

புல்லைச் செதுக்கும் வேலைக்கு முடிவு ஏது? இன்று செதுக்கினால் அடுத்த மழைக்கு மறுபடி முளைத்துவிடும். வீட்டைக் கூட்டிப் பெருக்கும் நமக்கு இது நன்றாகவே தெரியும். முடிவே இல்லாத அந்த வேலையைத்தான் அவர் தன் வாழ்நாள் தொண்டாக விரும்பி ஏற்றார்.

சீர்காழிக்குப் போனபோது, பாலகரான ஞானசம்பந்தர் இவரை எதிர்கொண்டு வந்து அப்பரே என்று அழைத்தார். அன்றுமுதல் அவர் அப்பர் ஆனார். வயதில் முதியவரும் இளையவருமாக இருவரும் சேர்ந்து தலயாத்திரை தொடங்கினார்கள்.

இரண்டு காசுகள்

அந்த யாத்திரையில் இருவரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது கடும் பஞ்சம் வந்தது. அடியவர்களுக்கு அன்னமிட, இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைக்குமாறு அருளினார் இறைவன். ஆனால், இரண்டு காசுகளும் ஒன்றுபோல் இல்லை! சம்பந்தர் பெற்ற காசில் 'வாசி' இருந்தது. அதாவது, கடைவீதியில் மாற்றும்போது மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமானது. அப்பரின் காசில் அந்தக் குறையே இல்லை. அவர் மடத்தில் நேரத்தோடு அடியவர்களுக்கு இலை விழுந்துவிடும்.

காரணம் என்னவென்று பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் பிள்ளை, உரிமையோடு பெறுபவர். அப்பரோ கையால் உழைத்துத் தொண்டு செய்பவர். அந்த உழைப்புக்குத் தரும் காசில் குறை இருக்கலாமா? பிறகு சம்பந்தர் அந்த வாசியும் தீர வேண்டும் என்று பாடி, நல்ல காசு பெற்றார்.

இந்தக் காசு விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தாமதம் சம்பந்தருக்கு. அடுத்து, இருவரும் வந்து சேர்ந்த திருமறைக்காட்டில் தாமதம் அப்பருக்கு!

பத்துப் பாட்டு முடிந்தும்...

மூடிக்கிடக்கும் வாசலைப் பற்றி ஊர் மக்கள் சொன்னதும், நேர்வாசல் வழியாகவே சென்று தரிசிக்க விரும்பினார் சம்பந்தர். கதவு திறக்கும்படி பாட வேண்டும் என்று அப்பரைக் கேட்டுக்கொண்டார்.

அப்பர் பாடத் தொடங்கினார். ஒரு பாட்டு... இரண்டு பாட்டு... கதவு அசையவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று வளர்ந்து பத்துப் பாட்டும் முடிந்தது. கதவு அப்படியே நின்றது! ஊரே பின்னால் கூடி நிற்கிறது. பக்கத்தில் சம்பந்தர் நிற்கிறார். அப்பரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! இரக்கமே இல்லையா உமக்கு என்று இறைவனிடமே முறையிட்டு, பதினோராவது பாட்டைப் பாடினார். கதவு திறந்தது. அடியவர்களின் ஆரவாரம் கடலோசையை மிஞ்சியது.

உள்ளே சென்று கண்ணீர் மல்கத் தரிசித்துத் திரும்பினார்கள். இனி இந்தக் கதவு திறக்கவும் மூடவும் வேண்டும்; எனவே, அடைக்க நீங்கள் பாடுங்கள் என்று சம்பந்தரிடம் சொன்னார் அப்பர். சம்பந்தர் முதல் பாட்டை எடுத்தார். அந்த ஒரு பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது!

சரி, பத்துப் பாட்டு வரை இறைவன் ஏன் தாமதித்தார்? அப்பரின் பாட்டில் குறையா? பக்தியில் குறையா? இல்லை. பெரியபுராணம் காட்டும் காரணம் நம்மைச் சிலிர்க்க வைக்கும். முதல் பாட்டிலேயே கதவைத் திறந்துவிட்டால், பாட்டு அத்தோடு நின்றுவிடும் அல்லவா? அப்பரின் தமிழ் அவ்வளவு இனித்தது. அந்தச் சுவையை முழுவதும் அனுபவிக்க வேண்டும் என்றுதான் திருமறைக்காடர் கதவைத் திறக்காமல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்!

வெளியே நின்றவருக்கு அது தாமதம். உள்ளே இருந்தவருக்கோ அது ஆனந்தம். ஒரே பாட்டுதான். ஆனால், கதவின் இரண்டு பக்கத்திலும் அது எத்தனை வேறுவிதமாகக் கேட்டிருக்கிறது, பாருங்கள்.

தூங்காத இரவு

அப்பருக்கு அன்று இது புரியவில்லை. மடத்துக்குத் திரும்பிய அவருக்கு மனம் ஆறவில்லை. நான் பாடியதற்கு அவ்வளவு தாமதித்தவர், சம்பந்தர் பாடியதும் உடனே மூடினாரே... அவர் திருவுள்ளம் தெரியாமல் நடந்துகொண்டேனோ என்று கலங்கியபடியே கண் அயர்ந்தார். எவ்வளவு பெரிய ஞானி! அவருக்கும் பக்கத்தில் இருப்பவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் இரவு வந்திருக்கிறது.

கனவில் வந்த இறைவன், நாம் திருவாய்மூரில் இருக்கிறோம், பின்தொடர்ந்து வா என்று சொல்லி முன்னே நடந்தார். எழுந்து ஓடினார் அப்பர். முன்னால் அந்த உருவம் தெரிகிறது. ஆனால் கிட்டே போக முடியவில்லை. நெடுந்தூரம் நடந்தார். ஒரு கோயில் தெரிந்தது. உருவம் அதற்குள் சென்று மறைந்தது. அப்பர் சென்றதைக் கேட்டுச் சம்பந்தரும் பின்னே வந்து சேர்ந்தார். திறக்கப் பாடிய என்னைவிட, அடைக்கப் பாடியவர் வலிமையானவர்; அவரே வந்துவிட்டார், இனி எப்படி மறைவீர் என்று உரிமையோடு கேட்டார் அப்பர். இறைவன் சம்பந்தருக்குக் காட்சி தந்தார். சம்பந்தர் அதை அப்பருக்குக் காட்டினார். எந்த ஒப்பீடு அவரைத் தூங்கவிடாமல் செய்ததோ, அந்த நண்பரின் கை வழியாகவே தரிசனமும் கிடைத்தது.

மதுரைக்கு வருமாறு மங்கையர்க்கரசியார் அனுப்பிய தூதுவர்கள் சம்பந்தரைச் சந்தித்ததும் திருமறைக்காட்டில்தான். நாளும் கோளும் சரியில்லையே என்று அப்பர் தடுத்தார். அப்போது சம்பந்தர் பாடியதே, நாம் இன்றும் பாராயணம் செய்யும் கோளறு பதிகம்.

நம் வீட்டு விளக்கு

நம்மில் எத்தனை பேர் வேண்டுதலோடு விளக்கு ஏற்றுகிறோம்! மகளுக்கு வரன் அமைய 48 நாள் விளக்கு. மகனுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க ஒன்பது வியாழக்கிழமை. கணவரின் உடல்நலத்துக்குச் சஷ்டி விரதம். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருகிறோம். வாய் கவசம் சொல்லும். காது குக்கர் விசிலை எண்ணும். மனமோ இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போடும். 48-ஆவது நாளும் முடிந்து, நினைத்தது நடக்காவிட்டால்..? நம் பக்தியில்தான் ஏதோ குறை என்று நொந்துபோகிறோம். அடுத்த வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரே வாரத்தில் பலித்ததே என்ற ஆற்றாமை வேறு.

வேண்டுதலே கூடாது என்று அப்பரின் வாழ்க்கை சொல்லவில்லை. கதவு திறக்க வேண்டும் என்றுதான் அவரும் பாடினார், திறக்கும்வரை விடவில்லை. இரக்கமில்லையா என்று கேட்கவும் தயங்கவில்லை. ஆனால், அந்தப் பத்துப் பாட்டும் வீணாகிவிடவில்லை. கதவு திறந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. பாட்டுகளோ தேவாரமாக இன்றுவரை நம்மோடு இருக்கின்றன.

எல்லாக் கதவும் பதினோராவது பாட்டில் திறந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். போருக்குப் போன கலிப்பகையார் திரும்பி வரவே இல்லை. அந்தக் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. ஆனாலும் அவர் மெழுகிய வாசலும் தொடுத்த மாலையும், எதற்கோ கொடுத்த விலை அல்ல. அதுவே அவருக்கு வாழ்வாக இருந்தது. விளக்கு ஏற்றுகிற அந்த ஐந்து நிமிடமும், திரி திரிக்கிற நேரமும், பூத்தொடுக்கிற நேரமும் நமக்கும் அப்படி ஆகிவிட்டால், 48-ஆவது நாள் வெறுங்கையோடு நிற்பதாகத் தோன்றாது.

கயிலையைத் தேடி...

அப்பர் இதை முழுமையாக உணர்ந்த இடம், திருவையாறு.

முதுமையில், கயிலை மலையைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. காளத்தி, ஸ்ரீசைலம், காசி என்று நடந்தார். காசிக்கு அப்பால் தன்னந்தனியே சென்றார். கால்கள் தேய்ந்தன. கைகளால் ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன. மார்பால் ஊர்ந்தார். பிறகு உருண்டார். ஒரு முனிவர் வடிவில் எதிரே வந்த இறைவன், மானுட உடலோடு கயிலையை அடைய முடியாது, திரும்பிப் போ என்றார். காணாமல் திரும்ப மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார் அப்பர்.

குறிக்கோளை அவர் விடவில்லை. இறைவனும் அதை மறுக்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றினார்! அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, கயிலைக் காட்சியைக் காணும்படி அருளினார். மூழ்கியவர், காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார்.

எழுந்தவர் கண்ணில் முதலில் பட்டது எது தெரியுமா? பிடியோடு வரும் களிறு. பெடையோடு வரும் சேவல். ஜோடிக் குயில்கள், மயில்கள், நாரைகள், கிளிகள், பசுவோடு சேர்ந்து வரும் காளை. டெல்டா கிராமங்களில் என்றும் காணக்கூடிய ஜீவன்கள்தாம். அவை அனைத்தும் சக்தியும் சிவமுமாக அவருக்குத் தோன்றின. ஐயாற்றுக் கோயிலே கயிலையாகக் காட்சி தந்தது. இதற்கு முன் கண்டிராத ஒன்றைக் கண்டுகொண்டேன் என்று உருகிப் பாடினார். எத்தனையோ முறை அவர் உழவாரத்தோடு நடந்து திரிந்த இதே சோழ நாட்டில், வழி நெடுகிலும் இருந்தது கயிலைதான்! கயிலை வரைக்கும் நடந்து தேய்ந்த கால்கள் இல்லாமல், அதைக் காணும் கண்கள் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் நடைபெறும் அப்பர் கயிலைக் காட்சி விழா, இந்த நிகழ்வைத்தான் நமக்கு நினைவூட்டுகிறது.

கடைசிக் காலத்தில் திருப்புகலூரில் தங்கினார். அப்போதும் கையில் உழவாரம்தான். ஒருநாள், செதுக்கிய இடத்தில் எல்லாம் பொன்னும் மணியும் மின்னும்படி செய்து, அவர் மனநிலையை உலகுக்குக் காட்டினார் இறைவன். அப்பருக்குக் கல்லும் பொன்னும் ஒன்றாகவே தெரிந்தன. இரண்டையும் சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, மிச்சமிருந்த புல்லைச் செதுக்கத் தொடங்கினார்! ஒரு சித்திரை சதய நாளில் அங்கேயே இறைவன் திருவடி அடைந்தார். அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. 4, 5, 6-ஆம் திருமுறைகள் அவர் அருளியவை.

வேதாரண்யத்தில் மாசி மாதப் பெருவிழாவின்போது, திருக்கதவு திறக்கவும் அடைக்கவும் பாடும் ஐதீக விழா நடைபெறுகிறது. ஓதுவார்கள் பாட, கதவு திறக்கும் தருணத்துக்காகக் கூட்டம் காத்திருக்கும். வாய்ப்பு கிடைத்தால் நீங்களும் போய் நில்லுங்கள். கதவு எப்போது திறக்கும் என்று எட்டிப் பார்ப்பதோடு, பாட்டையும் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே இருப்பவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

திருமறைக்காடு தரிசனம்

இறைவன்: வேதாரண்யேஸ்வரர், திருமறைக்காடர்.

அம்பாள்: வேதநாயகி, யாழைப் பழித்த மொழியாள். அம்பிகையின் குரல் யாழைவிட இனிமையானது என்பதால், இங்கே சரஸ்வதிதேவி வீணை இல்லாமல் சுவடியோடு காட்சி தருகிறாள்.

தல விருட்சம்: வன்னி.

சிறப்பு: சப்த விடங்கத் தலங்களில் ஒன்று. இங்குள்ள கடல், வேத தீர்த்தமாகப் போற்றப்படுகிறது. ஆடி, தை அமாவாசைகளில் நீராடுவது விசேஷம்.

எப்படிச் செல்வது?: நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களில் இருந்து பேருந்துகள் உண்டு. திருத்துறைப்பூண்டியில் இருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி செல்லும் ரயில் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் தொடங்கி வைக்கப்பட்டது. சப்த விடங்கத் தலங்களில் மற்றொன்றான திருவாய்மூரையும் இதே யாத்திரையில் தரிசித்து வரலாம்.